ஆடாமல் போன பையன்

2022 மார்ச் 17, வியாழக்கிழமை இரவு. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம். அது கூடுதல் நேரத்துக்குப் போனதும் அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு நீலச் சட்டை. 1996இல் கோப்பை வென்றபோது வாங்கியதாம். கழுத்துப் பட்டை நைந்து நூல் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டால் கென்டக்கி தோற்றதில்லை என்பது அவருடைய கணக்கு. அன்றைக்கு அந்தக் கணக்கும் பொய்த்தது. செயின்ட் பீட்டர்ஸ் 85, கென்டக்கி 79.

செயின்ட் பீட்டர்ஸ் என்பது நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி. அன்று மாலை வரை எங்களில் பாதிப் பேருக்கு அது எந்த ஊரில் இருக்கிறது என்பதே தெரியாது. மார்ச் மாதத் தேசியப் போட்டியில் கென்டக்கிக்கு அதன் பிரிவில் இரண்டாம் தரவரிசை, அவர்களுக்குப் பதினைந்தாவது. ஆஸ்கர் ஷிப்வே தனியாளாக 30 புள்ளி எடுத்து 16 முறை பந்தை மீட்டும் பயனில்லை. ஆட்டம் முடிந்ததும் யாரும் பேசவில்லை. தொலைக்காட்சியில் அந்தச் சின்னக் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒலியை நிறுத்தினார்கள்.

முதலில் வாயைத் திறந்தது நான்தான். “அந்தப் பையனை இறக்கியிருக்கலாம்.”

அவ்வளவுதான், அறை முழுவதும் பற்றிக்கொண்டது. ஜனவரியிலேயே இறக்கியிருக்க வேண்டும், பிப்ரவரியில் பந்தை எடுத்துச் செல்லும் ஆட்டக்காரர்கள் இருவரும் காயம்பட்டபோதாவது இறக்கியிருக்க வேண்டும், பயிற்சியாளருக்குப் பிடிவாதம், பயிற்சியாளருக்கு வயதாகிவிட்டது, பயிற்சியாளர் அந்தப் பையனுக்கு ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் ஆடிய பத்துப் பேரும் மறந்துபோனார்கள். ஆடாத ஒருவனைப் பற்றித்தான் பேச்சு.

அந்த ஒருவன் ஷேடன் ஷார்ப். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊர்க்காரன். 2021 செப்டம்பரில் கென்டக்கிக்கு வருவதாக அறிவித்தான். 2022இல் கல்லூரிக்கு வரவிருந்த பள்ளி ஆட்டக்காரர்களைத் தரம் பிரிப்பவர்கள் அவனை முதலிடத்தில் வைத்திருந்தார்கள். அடுத்த கோடையில் வருவதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் 2022 ஜனவரியிலேயே, சீசன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, கல்லூரியில் சேர்ந்துவிட்டான். சேர்ந்தவன் அணியோடு பயிற்சி எடுத்தான், பெஞ்சில் உட்கார்ந்தான், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அந்தக் கோடையில், தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏழாவது ஆளாக போர்ட்லண்ட் அணிக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஒரு குளிர்கால இரவு, கென்டக்கியின் சொந்த அரங்கமான ரப் அரீனாவின் கூரைக்குப் பக்கத்து வரிசையில் இருந்து அவனைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஒத்திகை. மற்றவர்கள் வரிசையில் நின்று சாவகாசமாகப் பந்தை வளையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் முறை வந்தபோது இரண்டு எட்டு வைத்தான், அப்புறம் மேலே போனான். தாவினான் என்று சொல்ல முடியவில்லை. ஏதோ படியில் ஏறுவதைப் போல நிதானமாகப் போய், வளையத்துக்கு மேலே முழங்கை தெரிய, பந்தை உள்ளே வைத்துவிட்டு இறங்கினான். கீழ்வரிசையில் இருந்தவர்கள் செல்பேசியை உயர்த்தினார்கள். பிறகு ஆட்டம் தொடங்கியது. அவன் ஒத்திகைச் சட்டையைக் கழற்றாமலே பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்தச் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று இருபதாயிரம் பேர் இரண்டு மணி நேரம் கற்பனை செய்துகொண்டிருந்தோம். கற்பனையில் ஆடுகிறவன் பந்தைத் தவறவிடுவதே இல்லை.

நான் இங்கே வந்தது கூடைப்பந்துக்காக அல்ல. பக்கத்து ஊரில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வந்த புதிதில் எனக்கு ‘வைல்ட்கேட்ஸ்’ என்பது கல்லூரி அணியின் பெயர் என்றுகூடத் தெரியாது. சாலையோரப் பலகைகளைப் பார்த்து வனவிலங்கு எச்சரிக்கை என்று நினைத்தேன். இந்த மாநிலத்தில் என்.பி.ஏ. அணி கிடையாது. பெரிய லீக்குகளில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியோ பேஸ்பால் அணியோ கிடையாது. குதிரைகள் உண்டு, போர்பன் விஸ்கி உண்டு, கிழக்கே மலைகளில் மூடிக்கொண்டுவரும் நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டு. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது இந்தக் கல்லூரி அணி ஒன்றுதான். பெரியவர் மலைப்பக்கத்துக்காரர். கேவுட் லெட்ஃபோர்ட் என்ற வர்ணனையாளரின் குரலை வானொலியில் கேட்டு வளர்ந்தவர். சிக்னல் சரியாக வராத இரவுகளில் அவருடைய அப்பா காரை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய், கார் வானொலியில் கேட்க வைப்பாராம். “நான்கு பிள்ளைகள், ஒரு காரில், இருட்டில். அம்மா போர்வை கொடுத்தனுப்புவார்” என்று சொன்னார்.

ரப் அரீனாவின் கூரையில் எட்டுக் கோப்பைகளுக்கான கொடிகள் தொங்குகின்றன. 1948இல் முதலாவது, 2012இல் எட்டாவது. ஆனால் பெரியவர் என்னை முதல்முறை அங்கே அழைத்துப் போனபோது காட்டியது அவற்றை அல்ல. ஜான் பெல்ஃப்ரி, ரிச்சி ஃபார்மர், டெரான் ஃபெல்ட்ஹாஸ், ஷான் வுட்ஸ் என்ற நான்கு பேரின் சட்டைகளைக் காட்டினார். கோப்பை வெல்லாதவர்கள். 1988இல் கென்டக்கி சேர்க்கவிருந்த ஒரு பையனின் அப்பாவுக்குப் போன கூரியர் உறை வழியில் பிரிந்து, உள்ளே ஆயிரம் டாலர் இருந்ததாக விவகாரம் வெடித்தது. பயிற்சியாளர் பதவி விலகினார். தேசியப் போட்டிக்கு இரண்டாண்டுத் தடை, ஓராண்டுக்குத் தொலைக்காட்சியிலும் தடை. நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குக் கிளம்பினார்கள். இந்த நான்கு பேரும் கிளம்பவில்லை. 1992இல் தேசியப் போட்டிக்குத் திரும்பி வந்து, டியூக்கிடம் 104-103 என்று, கடைசி 2.1 நொடியில் கிறிஸ்டியன் லேட்னர் திரும்பி எறிந்த பந்தில் தோற்றார்கள். லெட்ஃபோர்ட் வர்ணித்த கடைசிக் கென்டக்கி ஆட்டமும் அதுதான். தோற்றுத் திரும்பியவர்களின் சட்டைகளைக் கூரையில் ஏற்றினார்கள். இந்த ஊர் எதைக் கும்பிடுகிறது என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. இருந்தவர்களைக் கும்பிடுகிறது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் 2009இல் ஜான் கேலிபாரி வந்தார். எல்லாரும் ‘கேல்’ என்று கூப்பிடுவார்கள். பெயரிலேயே கேலி இருக்கிறது என்று நான் பெரியவரிடம் விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். கேலின் வழி நேர் எதிரானது. பள்ளி முடித்த கையோடு என்.பி.ஏ.வுக்குப் போகக் கூடாது, 19 வயதும் ஓராண்டு இடைவெளியும் வேண்டும் என்ற விதி 2006 டிராஃப்ட் முதல் அமலில் இருக்கிறது. அந்த ஓராண்டை எங்கே கழிப்பது என்று தேடும் மிகச் சிறந்த பையன்களையெல்லாம் அவர் கென்டக்கிக்குக் கொண்டுவந்தார். வருவார்கள், ஒரு சீசன் ஆடுவார்கள், போவார்கள். அடுத்த கூட்டம் வரும். 2010 டிராஃப்டின் முதல் சுற்றில் கென்டக்கிப் பிள்ளைகள் ஐந்து பேர் போனபோது, இந்த அணியின் வரலாற்றிலேயே ஆகப் பெரிய நாள் இதுவாக இருக்கலாம் என்ற பொருளில் பேசினார். ஏழு கோப்பை வென்ற ஊரில் அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். பெரியவர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் 2012இல் கேல் கோப்பையையும் கொண்டுவந்தார். அந்தோணி டேவிஸ் ஒரே ஆண்டு ஆடிவிட்டு டிராஃப்டில் முதல் ஆளாகப் போனான். ஊர் மாலை போடாத குறைதான். கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் மாணவர்கள் சோபாக்களைக் கொளுத்திக் கொண்டாடினார்கள். (சோபா எரிப்பது இங்கே மகிழ்ச்சியின் அடையாளம். முதல்முறை பார்த்தால் கலவரம் என்றுதான் தோன்றும்.) போகிறவனைக் கையசைத்து வழியனுப்ப இந்த ஊர் அப்போது கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதாக நினைத்தது என்று சொல்ல வேண்டும்.

ஷார்புக்கு முன்னும் ஒரு நிமிடம்கூட ஆடாமல் போன ஒருவன் உண்டு. துருக்கியிலிருந்து 2010இல் வந்த எனெஸ் கான்டர். ஊரில் ஃபெனர்பாஷே கிளப்பிடம் பணம் வாங்கியிருக்கிறான் என்று சொல்லிக் கல்லூரி விளையாட்டு வாரியம் அவனை ஆட விடவில்லை. 2011 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக யூட்டாவுக்குப் போனான். அப்போது யாராவது கேலைத் திட்டினார்களா? இல்லை. எனெஸை விடுதலை செய் என்று எழுதிய சட்டைகளைப் போட்டுக்கொண்டு ரசிகர்கள் வாரியத்தைத் திட்டினார்கள். சட்டத்தின்படி யாருக்கு என்ன பொறுப்பு என்பதெல்லாம் பிற்பாடு. அந்த ஆண்டு கென்டக்கி கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. அதனால் கேல் மேல் தூசி படவில்லை.

2022இல் கேலின் கையிருப்பு கரைந்திருந்தது. 2015இல் 38 ஆட்டம் வரிசையாக வென்று விஸ்கான்சினிடம் தோற்ற பிறகு கடைசி நான்குக்குப் போகவே இல்லை. 2020-21 சீசனில் 9 வெற்றி, 16 தோல்வி. 2019இலேயே பத்தாண்டுக்கு எட்டரைக் கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இப்படி இருக்கும்போதுதான் ஷார்ப் வந்தான், செயின்ட் பீட்டர்ஸ் வந்தது, ஏப்ரலில் ஷார்ப் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தான். பெயர் கொடுத்தாலும் திரும்பி வரலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்திருந்தான். ஊர் அந்தச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதையும் சாத்திவிட்டான்.

கேலைத் திட்டியவர்கள் சொன்னவற்றில் பாதி ஒன்றோடொன்று ஒத்துவராது. ஆட விட்டிருந்தால் தங்கியிருப்பான் என்று ஒருவர் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் ஆட விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பான், ஆனால் கோப்பையாவது வந்திருக்கும் என்பார். பையன்களை வளர்க்கத் தெரியாதவர் என்ற அதே வாயால், என்.பி.ஏ.வுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் என்றும் சொல்வார்கள். ஒருமுறைகூட ஆடாத ஒருவனை டிராஃப்டில் ஏழாவது ஆளாக விற்க முடிந்ததென்றால் அவருடைய பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். அதுதான் குற்றமே என்று பதில் வந்தது.

பையனை யாரும் பெரிதாகத் திட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையை நாற்பது வயதுக்காரர்கள் திட்டுவது அசிங்கம் என்ற நாகரிகம் இங்கே மிச்சமிருக்கிறது. அவன் 2021இலேயே பள்ளிப் படிப்பை முடித்ததாகக் கணக்கானதால்தான் 2022 டிராஃப்டுக்கே தகுதி பெற்றான். விதியைத் திட்டலாம், ஆனால் விதிக்கு முகம் கிடையாது. திட்டினால் அது முகம் சுளிக்காது. கோட் போட்டுக்கொண்டு, மைதானக் கோட்டில் நின்று, தினம் ஒரு பேட்டி கொடுக்கிற முகம் ஒன்றுதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆண்டுக்கு எண்பது லட்சம் டாலர் சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான் என்பது என் கட்சி.

அப்படியானால் கேல் மேல் பிழையே இல்லையா என்றால், இருக்கிறது. ஊர் சொன்ன பிழை வேறு, நான் கண்ட பிழை வேறு. பிப்ரவரி முதல் வாரத்தில், ஊகங்களுக்கு முற்றுப்புள்ளி வைப்பதாகச் சொல்லி, ஷார்ப் இந்த சீசன் ஆடமாட்டான் என்று அறிவித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் சரி. பாதி சீசனில் வந்த பையனை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அணிக்குள் திணிக்காமல் இருப்பது நியாயமான முடிவு. அந்த அணி ஜனவரிக் கடைசியில் கான்சஸை அவர்களுடைய மண்ணிலேயே 80-62 என்று அடித்திருந்தது. ஆனால் கேல் அடுத்த சீசன் அவன் அணிக்குத் தலைமை தாங்கத் தயாராகிறான் என்றும் சேர்த்துச் சொன்னார். பையனுக்குப் பதிலாக வாக்குக் கொடுத்தார். டிராஃப்டுக்கு அவனுக்குத் தகுதி வரலாம் என்ற செய்தி அப்போதே உலவிக்கொண்டிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளாகப் பையன்களை அனுப்பி வைப்பதையே பெருமையாகச் சொன்ன மனிதர், இந்த ஒருவன் மட்டும் இருப்பான் என்று சொன்னார். இருந்தவர்களைக் கும்பிடுகிற ஊரில் அப்படி ஒரு வார்த்தை சும்மா விழுந்து கிடக்காது. பெரியவர் அடுத்த சீசன் டிக்கெட்டுக்கு அன்றைக்கே பணம் எடுத்து வைத்தார்.

என்னையும் விட்டுவிடக் கூடாது. அந்த மார்ச் இரவில் முதல் கல்லை எறிந்தது நான். என் தொழிற்சாலையில் புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களை நான்கு மாதத்துக்கு இயந்திரத்தின் பக்கமே விடுவதில்லை. விடக் கூடாது என்று விதி எழுதியதே நான்தான். கையெழுத்துப் போட்ட அந்தப் பக்கம் என் மேசையில் இருக்கிறது. மறுநாள் காலை அதைப் பார்த்தபோது கொஞ்சம் கூசியது. ஆனால் வேலைக்கு நடுவே இரண்டு பேரிடம் அதே வசனத்தை மறுபடியும் சொன்னேன். சொன்னால் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் ஒரு சுகம் இருக்கிறது; வெளியூர்க்காரனுக்கு அது எளிதில் கிடைக்காது.

2023இல் இன்னொரு லண்டன் பையன் வந்தான். கென்டக்கியிலேயே லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரீட் ஷெப்பர்ட் அந்த ஊர். அப்பா ஜெஃப் 1998இல் கோப்பை வென்ற அணியில் ஆடியவர், அம்மாவும் கென்டக்கியின் பெண்கள் அணியில் ஆடியவர். ரீட் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு 2024 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக ஹூஸ்டனுக்குப் போனான். அவனும் போனவன்தான். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவே. கேலைத் திட்டவில்லை. திட்ட அப்போது கேல் ஊரில் இல்லை என்பது வேறு விஷயம்.

2024 மார்ச்சில் பிட்ஸ்பர்கில் ஓக்லண்ட் என்ற பதினான்காம் தரவரிசை அணியிடம் 80-76 என்று தோற்றார்கள். ஜாக் கோல்கி என்ற ஒருவன் மூன்று புள்ளிப் பந்துகள் பத்துப் போட்டான். நைந்த சட்டை இந்த முறை வெளியே வரவில்லை. ஏப்ரலில் கேல் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். அவர் சேர்த்து வைத்திருந்த பையன்களில் பூகி ஃப்லாண்ட், கார்ட்டர் நாக்ஸ், பில்லி ரிச்மண்ட் மூவரும் பின்னாலேயே போனார்கள். முந்தைய ஆண்டு ஆடியவர்களில் உதவித்தொகை பெற்ற ஒருவன்கூடத் தங்கவில்லை. 1996 அணியின் தலைவர்களில் ஒருவரான மார்க் போப் பயிற்சியாளராக வந்தபோது அவரிடம் காலி அறைதான் இருந்தது. ஒரு பையன், டிராவிஸ் பெர்ரி, மாநிலத்துப் பள்ளிக் கூடைப்பந்தில் யாரும் எடுக்காத புள்ளிகளை எடுத்தவன், கேல் போனாலும் நான் வருகிறேன் என்று வந்தான். ஐந்தாவது சட்டையும் கூரைக்குப் போகும் என்று பெரியவர் பேசினார். ஓராண்டில் அவனும் மிசிசிப்பிக்கு மாறிவிட்டான். போப்பை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்தவர், போதாததற்கு 1996காரர்.

2024 அக்டோபரில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சீசன் தொடக்க விழாவில் ரிக் பிட்டினோ மேடை ஏறினார். 1996 கோப்பையைக் கொண்டுவந்தவர்; பிறகு, பாஸ்டன் போய்விட்டு, 2001இல் பரம எதிரியான லூயிவில்லுக்குப் பயிற்சியாளராகப் போனவர். இருபது வருடம் இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் சாப்பாட்டு மேசையில் கரண்டி ஓசை நிற்கும். அன்று அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பெரியவரும் எழுந்தார். வீட்டில், தொலைக்காட்சி முன்னால்.

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. கேல் ஆர்கன்சா அணியோடு ரப் அரீனாவுக்குத் திரும்பி வந்தார். அவர் நடந்து வந்தபோது எழுந்த ஊளைச் சத்தத்தில் தொலைக்காட்சிப் பெட்டி அதிர்ந்தது. அவர் கையசைத்தார், சிரித்தார், பழக்கமானவர். ஆர்கன்சா 89, கென்டக்கி 79. பெரியவர் ஊளையிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இவர் மேல் உங்களுக்கு என்னதான் கோபம்?” என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினார். ஓக்லண்ட். செயின்ட் பீட்டர்ஸ். 38 வென்று தோற்ற ஆண்டு. 2010இல் சொன்ன அந்தப் பேச்சு. பையன்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போனது. ஐந்து விரல் ஆயிற்று. அடுத்த கையை எடுக்கவில்லை.

“ஷார்ப்?” என்றேன்.

“யார்?” என்றார். பிறகு நினைவு வந்து, “ஆமாம், அவன் வேறு” என்று இன்னொரு கையின் கட்டை விரலை நீட்டினார்.